நானூற்று அறுபத்திரண்டாம் பக்கம்

ஜூன் 9, ஞாயிறு

மனைவி இந்துராணி ஓசூருக்குப் போய் மூன்று நாளாகிறது. மகள் தீபாவுக்கு ஆகஸ்டு முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள். முதல் பிரசவம் பெண் வீட்டில்தானே என்று கேட்கிறவர்களிடமெல்லாம் "அங்க ஆஸ்பத்திரி வசதி ஜாஸ்தி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். தேனியில் என் தெருவிலேயே இரண்டு பிரசவ ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. கேட்டவர்கள் யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. நல்ல மனிதர்கள்.

வீட்டில் பேச ஆளில்லை. எனக்கோ வாயை மூடினால் மூச்சு முட்டும். ஆகவே இந்த டைரி. நகராட்சியில் மிஞ்சிப்போன பழைய வருஷத்து டைரி; கிழமையை அடித்துத் திருத்தி எழுதிக்கொள்கிறேன். பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவனுக்குத் தேதியைத் திருத்துவது மட்டும் ஆகாது. வீட்டில் பரவாயில்லை.

இன்று ஞாயிறு. காலை ஒன்பது மணிக்கு விமலா டீச்சர் மணியடித்துவிட்டார். டீச்சர் இருப்பது கரூரில். நாங்கள் நாற்பத்து மூன்று பேர், ஆளுக்கொரு ஊரில், வாட்ஸப்பில் 'ஞாயிற்றுக்கிழமை வாசகர்கள்'. பெரும்பாலோர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. வாராவாரம் ஒரே கேள்வி: "அன்பர்களே, இப்போது என்ன வாசிக்கிறீர்கள்? நூல், பக்க எண், ஒரு வரி." காலை வணக்கப் பூக்கள் அனுப்பினால் டீச்சர் கண்டிப்பார். பக்க எண் இல்லாமல் புத்தகப் பெயரை மட்டும் போட்டாலும் கண்டிப்பார். "அட்டையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்" என்பார்.

நான் போட்டது: "ஏழாம் மடைக்காரர்கள். பக்கம் 330. உவமைகள் மனதைத் தைக்கின்றன."

உண்மை: பக்கம் 30. தீபாவின் கல்யாணச் சந்தடிக்குப் பிறகு வாசிப்பு ஓடவில்லை. கண்ணாடி மாற்ற வேண்டும். அதுவரை வாரம் இருபது பக்கம் கூட்டிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த உவமை வரி எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். சமையல் குறிப்புக்குக்கூடப் போடலாம்.

இந்த நாவலை நான் வாங்கியதே உசிலம்பட்டி மொக்கராசு அண்ணனால். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கண்மாய் மடை திறக்கிற நாலு தலைமுறையின் கதையை அவர் டிசம்பரிலேயே ஆரம்பித்துவிட்டார். வாரம் ஒரு வரி எழுதுவார், அதற்காகவே நான் காத்திருப்பேன். "பக்கம் 88. இந்த மடைக்காரர் மாதிரி ஒரு டிரைவரோட பதினோரு வருஷம் ஓடியிருக்கேன். வாயத் தொறந்தா பொய், ஸ்டியரிங்கப் பிடிச்சா சத்தியம்." இன்னொரு வாரம்: "பக்கம் 91. மூணு பக்கந்தான். அந்தப் பொம்பள வீட்ட விட்டுப் போற எடம். எறங்கி நின்னுட்டேன்."

இப்போதெல்லாம் அவரும் சுரத்தில்லாமல் போய்விட்டார். இன்று: "பக்கம் 406. நன்று." அவ்வளவுதான். 'நன்று' டீச்சருடைய சொல். எல்லாருடைய பதிவுக்கும் கீழே அவர் போடும் முத்திரை. மொக்கராசு அதைக் கடன் வாங்கிக்கொண்டார் போலிருக்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

அலுவலகத்தில் ஒரு ஆள் தகப்பனாரின் இறப்புச் சான்றிதழ் ஏழு நகல் கேட்டான். "ஏழு எதுக்கு தம்பி, ஒருதடவதான செத்தாரு?" என்றேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரிக்கத்தான் செய்தான்.

சாம்பாரில் உப்பில்லை. மோரில் இருந்தது. கலந்து சாப்பிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

மொக்கராசு: "பக்கம் 420. நன்று."

ஒரு சந்தேகம் வந்து, உட்கார்ந்து பழைய பதிவுகளையெல்லாம் மேலே தள்ளிப் பார்த்தேன். 378, 392, 406, 420. வாரம் தவறாமல் பதினான்கு பக்கம். மாதக்கணக்காக.

உண்மையில் படிக்கிறவன் இப்படிப் படிக்க மாட்டான். ஒரு வாரம் மூன்று பக்கம், ஒரு வாரம் நாற்பது, ஒரு வாரம் மாமியார் வந்துவிட்டார் என்று பூஜ்யம். அளந்து வைத்தாற்போல் கூடுகிறதென்றால் ஆள் புத்தகத்தைத் திறக்கவேயில்லை. இது எனக்கெப்படித் தெரியும் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.

ஆக, அண்ணனும் நம் கட்சிதான். மனசுக்குள் ஒரு குஷி.

ஜூன் 19, புதன்

இந்துராணியின் போன். பின்னால் மிக்ஸி சத்தம், மாப்பிள்ளையின் குரல், தீபாவின் சிரிப்பு. "யாரும்மா போன்ல?" என்று தீபா கேட்டது. "அப்பா" என்றாள் இவள். மிக்ஸி நின்றது. சிரிப்பும் நின்றது.

"நல்லாருக்காளா?"

"நல்லாருக்கா. நீங்க மாத்திரய ஒழுங்காப் போடுங்க."

ஜூன் 30, ஞாயிறு

மொக்கராசு: "பக்கம் 448. நன்று."

புத்தகத்தின் கடைசிப் பக்கம் 451. என் பிரதியைப் புரட்டி உறுதி செய்துகொண்டேன். இந்த வருஷத்தில் அந்தப் புத்தகத்தின் பின்பக்கம் காற்று வாங்கியது அப்போதுதான். ஒரே பதிப்புதான் வந்திருக்கிறது. அடுத்த ஞாயிறு என்ன செய்வார்? முடித்துவிட்டேன் என்பாரா, பதினான்கைக் கூட்டுவாரா?

வாரம் முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று தோன்றுகிறது. வேறு எதையும் நினைக்காமலிருக்க வசதி.

ஜூலை 7, ஞாயிறு

கூட்டிவிட்டார். "பக்கம் 462. நன்று."

டீச்சர் அதற்கும் "நன்று" போட்டுவிட்டார்.

கை சும்மா இருக்குமா. எழுதினேன்: "மொக்கராசு அண்ணே, புத்தகம் 451லயே முடிஞ்சிருது. நீங்க 462ல போறீக. வண்டி ஸ்டாண்டத் தாண்டி வயக்காட்டுல எறங்கிருச்சா? விசில் ஊதுங்கண்ணே, எறங்குறவுக எறங்கிக்கிருவாக."

முதலில் திண்டுக்கல் பல் டாக்டர் அருளப்பன். காபிக் கோப்பையோடு ரஷ்ய நாவலைப் படம்பிடித்துப் போடுவாரே, அவர்தான். "சௌந்தரபாண்டி சார், பல் விழுந்துரும்போல இருக்கு" என்று எழுதினார். பிறகு மடைதிறந்த மாதிரி. சிரிப்பு பொம்மைகள் முப்பத்தொன்று. எண்ணினேன். டீச்சரே ஒன்று போட்டார். குழு தொடங்கி நாலு வருஷத்தில் அவர் போட்ட முதல் பொம்மை.

நல்ல ஞாயிறு. முட்டை வாங்கி வந்து பொரித்தேன்.

மதியம் பார்த்தால், 11.42க்கு ஒரு வரி: மொக்கராசு குழுவிலிருந்து வெளியேறினார்.

ஜூலை 8, திங்கள்

ஆண்பிள்ளைக்கு இவ்வளவு ரோஷமா? கண்டக்டராக இருந்தவர் கேட்காத கிண்டலா?

ஜூலை 10, புதன்

மூன்று தடவை கூப்பிட்டேன். மணி அடித்து ஓய்கிறது. எடுக்கவில்லை.

ஜூலை 14, ஞாயிறு

ஒன்பது மணிக் கேள்விக்கு இருபது பேர்தான் பதில் போட்டார்கள். டீச்சர் எனக்குத் தனியாகப் போன் செய்தார்.

"சௌந்தரபாண்டி, நானும் சிரிச்சேன். அதனால உங்கள மட்டும் திட்ட முடியாது. ஆனா ஆரம்பிச்சது நீங்க."

"ஒரு சின்ன தமாசு டீச்சர்."

"அவரு ரெண்டு பக்கம் படிக்கட்டும், இருநூறு பக்கம் படிக்கட்டும். ஞாயித்துக்கிழமைன்னா முத ஆளா வந்து நிப்பாரு. நீங்கதான் போய்க் கூட்டிட்டு வரணும். விலாசம் இருக்கு, போன வருஷம் பரிசுப் புத்தகம் அனுப்பினேன்."

பள்ளிக்கூடத்தை விட்டு முப்பத்தைந்து வருஷத்துக்கப்புறம் ஒரு டீச்சர் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றுகிறார்.

ஜூலை 20, சனி

உசிலம்பட்டி போய் வந்தேன். நிதானமாக எழுத வேண்டும். நிதானம் வரவில்லை என்றாலும் எழுத வேண்டும்.

பையில் 'ஏழாம் மடைக்காரர்க'ளை எடுத்துப் போயிருந்தேன். ஆதாரத்துக்கு. மன்னிப்புக் கேட்கப் போகிற வழியிலும், 451 என்று அச்சடித்ததைக் காட்டி அவரையும் சிரிக்கவைத்துவிடலாம் என்றுதான் எண்ணம். ஆண்டிபட்டிக் கணவாய் ஏறும்போது பேசவேண்டியதை ஒத்திகை பார்த்தேன். மூன்று நகைச்சுவை தயாராயிற்று.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிட நடை. பச்சைக் கதவு. அறுபத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மா திறந்தார். நெற்றியில் ஒன்றுமில்லை. அதைப் பார்த்திருக்க வேண்டும் நான்.

"மொக்கராசு அண்ணன் இருக்காரா? தேனியிலருந்து வர்றேன். சௌந்தரபாண்டி."

கொஞ்சம் நகர்ந்து நின்றார். எதிர்ச் சுவரில் அண்ணனின் படம். குழுவில் அவருடைய முகப்படமாக நாங்கள் வாராவாரம் பார்த்த அதே படம். இங்கே சந்தன மாலை மட்டும் கூடுதல். கீழே தேதி: 1.2.2024.

பையிலிருந்த புத்தகத்தை இன்னும் உள்ளே தள்ளினேன்.

"உக்காருங்க. விசில் ஊதச் சொன்னது நீங்கதான?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளக் கேட்டார். படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் அண்ணனின் விசில் கறுப்புக் கயிற்றோடு தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் பேர் ஒச்சம்மாள். அண்ணனின் மனைவி. நான் 'அக்கா' என்றதும், "அவுகள அண்ணேன்டு கூப்புட்டீக. அப்ப நான் மதினி" என்று திருத்தினார். மோர் கொடுத்தார். பிறகு அவரே சொன்னார்.

"வியாழக்கெழம. குளிச்சிட்டு வந்து நெஞ்சு கரிக்குதுன்னாக. ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு. ஞாயித்துக்கெழம வீடு பூரா சனம். ஆளாளுக்கு 'இருந்தாரு, இருந்தாரு'ன்னே பேசுறாக. எல்லாருக்கும் அதுக்குள்ள 'இருந்தாரு' ஆயிட்டாக. அந்நேரம் போன் சத்தங்குடுத்துச்சு."

அலமாரியிலிருந்து போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி பிப்ரவரிக்குப் போய், என் கையில் கொடுத்தார். பிப்ரவரி 4, காலை 9.35: "மொக்கராசு அண்ணே, இன்னும் வண்டி எடுக்கலையா? எந்தப் பக்கத்துல நிக்கிறீக?"

அனுப்பியவன் நான்தான். எனக்கு ஞாபகமே இல்லை.

"அஞ்சாப்பு வரைக்கும் படிச்சவ. எழுத்துக்கூட்டி வாசிச்சேன். அவுகளுக்குண்டு ஒரு கேள்வி வந்துருச்சு தம்பி. எந்தப் பக்கத்துல நிக்கிறீகன்டு. பதில் சொல்லாம எப்படி இருக்கறது?"

மதினி தொடர்ந்தார். "மேல பாத்தேன். அதுக்கு முந்துன வாரம் 140, அதுக்கும் முந்தி 126. பதினாலு கூடியிருந்துச்சு. சரி, அவுக கணக்கு அதுதான்டு 154 போட்டேன். அந்த டீச்சரம்மா 'நன்று'ன்னாக. நீங்க கையக் கூப்பி ஒரு பொம்ம போட்டீக. அடுத்த வாரமும் கேட்டாக. அடுத்த வாரமும் சொன்னேன்."

"புத்தகத்தத் திருப்பிப் பாத்திருக்கலாமே மதினி. கடைசிப் பக்கம் எதுன்டு..."

"தொறக்கல."

அலமாரியின் மேல் தட்டைக் காட்டினார். அண்ணனின் பிரதி படுத்திருந்தது. நடுவில் ஒரு பஸ் டிக்கெட்டின் ஓரம் நீட்டிக்கொண்டிருந்தது. "தொறந்தா சீட்டு விழுந்துரும். எந்த எடத்துல வச்சாகளோ அந்த எடம் போயிரும்."

எழுந்து போய், தொடாமல், குனிந்து பார்த்தேன். டிக்கெட் விரித்த சிறு இடுக்கில் பக்க எண் தெரிந்தது. 143. ஞாயிறன்று எங்களிடம் சொன்னது 140. திங்கள், செவ்வாய், புதனில் மூன்று பக்கம் படித்திருக்கிறார். அதைப் பற்றி எங்களுக்கு வரி எதுவும் வரவில்லை.

"எல்லாரும் சிரிச்சாகளே, எண்ணிப் பாத்தேன். முப்பத்தொண்ணு" என்றார் மதினி. "என்னையப் பாத்துச் சிரிச்சிருந்தாப் பரவால்ல. ஒங்களுக்கென்ன தெரியும் நான் இருக்கது. அவுகளப் பாத்துச் சிரிச்சீக. படிக்காம படிச்சேன்டு சொல்ற ஆளா அவுக? ஒரு எழுத்து விடமாட்டாக. கடல கட்டித்தர்ற தாளக் கூட நின்னு வாசிச்சிட்டுத்தான் கசக்குவாக. அந்த மனுசனப் போயி நான் பொய்க்காரராக்கிட்டேன். அதான் வெளிய வந்துட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். என் வாயில் அது சரியாக வரவில்லை. பழக்கமில்லை.

"குழுவுல சொல்லிரவா மதினி? டீச்சர்ட்ட மட்டுமாச்சும்?"

"சொல்லிட்டா அங்கயும் செத்துருவாக" என்றார்.

இருபத்தாறு வருஷமாக என் வேலை அதுதான். இறந்தவர் பெயர், தேதி, இடம். இருபத்தொரு நாளுக்குள் பதிய வேண்டும் என்று எத்தனை பேரை விரட்டியிருக்கிறேன்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நானும் அந்தப் புத்தகத்தை முப்பது பக்கத்துக்கு மேல் படிக்கவில்லை என்பதைச் சொன்னேன். வாரம் இருபது கூட்டுவதையும் சொன்னேன்.

"நான் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. நீங்க எதுக்குப் பொய் சொல்றீக?"

அதையும் சொன்னேன். அவரிடம் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை.

கிளம்பும்போது என் பிரதியைக் கேட்டார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி 451ஐ விரலால் தொட்டுப் பார்த்தார். "இத வச்சிட்டுப் போறீகளா? இதுல சீட்டு ஒண்ணும் இல்லைல?"

இல்லை என்றேன்.

ஜூலை 21, ஞாயிறு

டீச்சரின் கேள்வி வந்ததும் எழுதினேன்: "உசிலம்பட்டி போய் வந்தேன். மொக்கராசு அண்ணன் பொய் சொல்லவில்லை. சொன்னது நான். 'ஏழாம் மடைக்காரர்க'ளில் நான் முப்பதாம் பக்கத்தைத் தாண்டியதேயில்லை. அதற்கு மேல் போட்ட எண்களெல்லாம் கூட்டல். அண்ணனைப் பற்றி இப்போது எதுவும் கேட்காதீர்கள்."

பிறகு அருளப்பன் டாக்டர்: "ரஷ்ய நாவல். பக்கம் 57. நான் போட்ட 612 தவறு. காபி மட்டும் உண்மை." அவரைத் தொடர்ந்து ஈரோட்டுக்காரர் ஒருவர் 200லிருந்து 18க்கு இறங்கினார். மதியத்துக்குள் பதினோரு பேர் இறங்கிவிட்டார்கள். நாற்பத்திரண்டு பேர் சேர்ந்து இத்தனை நாளாக என்னதான் வாசித்துக்கொண்டிருந்தோம் என்று தெரியவில்லை.

டீச்சர் எல்லாருக்கும் "நன்று" போட்டார்.

மதினிக்குப் போன் செய்து ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். "பல் டாக்டரா? 612லருந்து 57ஆ?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்தப் பக்கம் ஒரு சின்னச் சத்தம் வந்தது. சிரிப்பாக இருக்கலாம்.

ஆகஸ்டு 3, சனி

பெண் குழந்தை. காலை 10.20. இரண்டு கிலோ எண்ணூறு. தாயும் சேயும் நலம் என்று இந்துராணி சொன்னாள்.

"நான் கிளம்பி வரட்டுமா?"

"சொல்றேங்க."

இனிப்பு வாங்கினேன். யாருக்கென்று தெரியாமல் பிரிஜ்ஜில் வைத்தேன்.

ஆகஸ்டு 5, திங்கள்

இன்று மட்டும் ஆறு பிறப்புகள் பதிந்தேன். எடை, நேரம், தாய் பெயர், தகப்பன் பெயர். தாத்தா பெயருக்கு அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. இத்தனை வருஷத்தில் இன்றைக்குத்தான் கவனித்தேன். ஊர்ப்பிள்ளைகளையெல்லாம் எழுதினேன். என் பேத்தியை ஓசூரில் யாரோ எழுதியிருப்பார்கள்.

மதினியிடம் சொன்னதை எழுதிவிடுகிறேன்.

மாப்பிள்ளை சுதாகருக்குப் பேச்சு திக்கும். நல்ல பையன். போன செப்டம்பரில் வரவேற்பு மேடையில் என் கையில் மைக்கைக் கொடுத்தார்கள். இல்லை, யாரும் கொடுக்கவில்லை; நானாக வாங்கினேன். "எங்க மாப்பிள்ள சம்மதம்னு சொல்ல ஆரம்பிச்சது நிச்சயதார்த்தத்தன்னைக்கு. சொல்லி முடிச்சது இன்னைக்குக் காலைல" என்றேன். சொன்ன விதத்திலும் கொஞ்சம் திக்கிக் காட்டினேன். மண்டபம் முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். தீபா சிரிக்கவில்லை. மாலையைச் சரிசெய்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை.

கண்ணாடி மாற்ற வேண்டியதில்லை. கண் நன்றாகத்தான் தெரிகிறது. புத்தகத்தைத் திறந்தால் அந்தக் குனிந்த தலைதான் வருகிறது.

ஆகஸ்டு 6, செவ்வாய்

மதினி போன்.

"பிள்ளையப் பாத்துட்டு வந்துட்டீகளா?"

"இன்னும் கூப்புடல மதினி."

"ஒங்கள நான் கூப்புட்டேனா? வந்தீகள்ல. பெத்த மகளுக்குக் குடுக்க வேண்டியத எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிட்டீக. உசிலம்பட்டி வரைக்கும் வரத் தெரிஞ்ச ஆளுக்கு ஓசூருக்கு பஸ் இல்லையா?"

கண்டக்டர் வீட்டுக்காரி. மதுரை போய் சேலம் வண்டி, அங்கிருந்து ஓசூர் என்று மாறவேண்டிய இடத்தையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

ஆகஸ்டு 16, வெள்ளி

நேற்றுச் சுதந்திர தின விடுமுறை. முந்தின ராத்திரியே பஸ் ஏறி ஓசூர் போனேன்.

கதவைத் திறந்தது மாப்பிள்ளை. என்னைப் பார்த்ததும் பேச்சு அடைத்துக்கொண்டது அவருக்கு. 'வாங்க' என்பதுதான் சொல். முன்பெல்லாம் இந்த இடத்தில் நானே முடித்துவைப்பேன். உதவி என்று நினைத்துக்கொண்டு. நேற்று நின்றேன். அவர் உதடு முயன்றது. நான் அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல் வந்தது. முழுசாக வந்தது.

"அன்னைக்கு மைக்ல நான் பேசுனதுக்கு..." என்று ஆரம்பித்தால், இந்தத் தடவை திக்கியது எனக்கு.

"வி... விடுங்க மாமா. எனக்குப் பழகிருச்சு. அ... அவளுக்குத்தான் பழகல."

பழகிருச்சு என்ற சொல்லோடு உட்கார்ந்திருந்தேன்.

இந்துராணி குழந்தையைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். கட்டைவிரலை உள்ளே மடக்கித் தூங்கியது. உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. தீபா கட்டிலில் இருந்தாள். சுவரைப் பார்த்த முதுகு மட்டும் தெரிந்தது. "தீபா, அப்பா தப்புப் பண்ணிட்டேம்மா" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். முதுகு அசையவில்லை. அழுததா, தூங்கியதா, எனக்குத் தெரியாது.

குழந்தை அழுதது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது. கொடுத்தேன். கதவு சாத்திக்கொண்டது.

மதியமே கிளம்பிவிட்டேன். மதினி கேட்டதற்கு, "பாத்தேன்" என்றேன்.

"பேசுச்சா?"

"இல்ல."

"சரி. போய்ட்டு வந்தீகள்ல" என்றார்.

ஆகஸ்டு 25, ஞாயிறு

டீச்சரிடம் மதினி தானே பேசியிருக்கிறார். எனக்கு இருவருமே சொல்லவில்லை. காலையில் அண்ணனின் எண் மறுபடியும் குழுவுக்குள் வந்தது. ஒன்பது மணிக்குக் கேள்வி. 9.40க்குப் பதில். அப்படியே எடுத்தெழுதுகிறேன்:

"ஏழாம் மடைக்காரர்கள். பக்கம் 2. நான் மொக்கராசு வீட்டுக்காரி ஒச்சம்மாள். அவுக பிப்ரவரி 1ம் தேதி காலமாயிட்டாக. 143 வரைக்கும் படிச்சாக. அதுக்கு மேல போட்டது நான். அவுக பொய் சொல்ல மாட்டாக. இப்ப நான் மொதல்லருந்து படிக்கிறேன். மடையில தண்ணி வர்ற எடம் நல்லாருக்கு."

மாலை வைத்த பொம்மைகூட வரவில்லை. மற்ற நாற்பத்திரண்டு பேரும் படித்துவிட்டுப் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தேனியிலிருந்தே தெரிந்தது.

பிறகு டீச்சர் எழுதினார்: "ஒச்சம்மாள், பக்கம் 2. குறித்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறும் கேட்பேன்."

வாரம் இரண்டு பக்கம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கை சும்மா இருப்பதில்லை. டிக்கெட் இருக்கிற இடத்தை எட்ட இன்னும் ஒன்றேகால் வருஷத்துக்கு மேல் ஆகும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மதினி: "பக்கம் 3. இந்த வாரம் காச்சல்."

கூட்டல் இல்லை. ஒரே ஒரு பக்கம்.

என் புத்தகம் அவரிடம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் போனில் எழுத்துக்கூட்டி எனக்கும் வாசிக்கிறார். ஆகவே நானும் "பக்கம் 3" போட்டேன். உவமை வரி போடவில்லை.

பத்தரை மணிக்கு இந்துராணியின் எண்ணிலிருந்து ஒரு படம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழ். பெயர் என்ற இடம் காலி. கீழே எழுதியிருந்தது: "பேர் இன்னும் முடிவாகல. பிறகு சேத்துக்கலாமா, என்ன செய்யணும்னு தீபா உங்ககிட்டக் கேக்கச் சொன்னா."

மூன்று தடவை படித்தேன்.

தீபா கேட்கச் சொன்னாள். எந்த ஆபீசில் கேட்டாலும் சொல்வார்கள். கூகுளில் போட்டால் அரை நிமிஷம்.

பதிலுக்கு முதலில் ஒன்று எழுதினேன். நன்றாகத்தான் வந்திருந்தது, இந்துராணி சிரித்திருப்பாள். அழித்துவிட்டு எழுதினேன்:

"சேர்க்கலாம். ஒரு வருஷம் வரை அப்பா அம்மா எழுதிக் கொடுத்தாலே போதும். அதன் பிறகும் வழி இருக்கிறது. அவசரமில்லை."

அனுப்பினேன். செய்திக்குக் கீழே இரண்டு டிக்கும் நீலமாகிற வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.